கெட்டிமேளத்துக்கு அஞ்சியவர்

நைனாவின் கருமாதி முடிந்துவிட்டது. அயனம்பாக்கத்தில் அவரை 'எலி வேம்புலி' என்றுதான் சொல்வார்கள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், மூளை ஆராய்ச்சிக்காக எலி வளர்க்கும் கட்டடத்தில் அவருக்கு வேலை. கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார்.

எண்பத்தொன்றில் அங்கே ஒரு புது வகை எலி வந்தது. பெரிய சத்தம் கேட்டால் வலிப்பு வரும்படி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம். டாக்டர் பக்தவத்சலம் தலையசைத்ததும் நைனா கூண்டின்மேல் சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். எலி தறிகெட்டு ஓடும், விழும், கால்கள் விறைக்கும். சில எழுந்திருக்காது.

அந்த வருஷம்தான் காய்ச்சலில் எனக்கு வலிப்பு வந்தது. ஆறு வயது.

"சார், அந்த நோவு மனுசனுக்கு ஒட்டிக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

"ஒட்டாது வேம்புலி. அது பரம்பரையா ரத்தத்துல வர்றது."

ஆறுதலாகத்தான் சொன்னார் டாக்டர். ஆனால் நைனாவின் அண்ணன் வலிப்பு வந்து ஏரியில் விழுந்து செத்தவர். டாக்டர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து ஆடி மாதம் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டால் என்னை உள்ளே இழுத்துப்போய் என் இரண்டு காதையும் பொத்துவார். அவர் உள்ளங்கை சில்லென்றிருக்கும். எனக்கு மறுபடி வலிப்பு வரவே இல்லை. தான் பொத்தியதால்தான் வரவில்லை என்று அவர் நம்பினார்.

தொண்ணூற்றேழில் என் கல்யாணம். நைனா தவில்காரரிடம் போய்க் குனிந்து, "தாலி கட்டசொல்லோ கொஞ்சம் மெதுவா அடி அண்ணாத்தே" என்றார்.

மாப்பிள்ளையின் மாமா லோகநாதன் அதைக் கேட்டுவிட்டார். "இன்னா சம்மந்தி, மேளத்துக்குப் பயந்துகினு கீற? எவனாவது தும்மித் தொலைச்சா யாரு பதில் சொல்றது? நீ அடிப்பா, மண்டபம் அதிரட்டும்."

நைனா காரணம் சொல்லவில்லை. வலிப்பு என்று வாயைத் திறந்தால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். மணவறைக்கு எதிரே வந்து நின்றுகொண்டார். விறைக்கிறதா என்று கண் என் விரல்களிலேயே இருந்தது.

தவில் இடித்தது. அம்மா பின்னாலிருந்து என் முதுகில் குத்தினாள். "தலைய குனிடி, எல்லாரும் பாக்குறாங்கோ."

நான் குனியவில்லை. மேளம் ஓயும்வரை, அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தேன்.