செந்தாமரை டீச்சரின் ஐந்துவிரல் ஷூ

ஷூ என்றால் அதற்குக் கயிறு இருக்க வேண்டும் என்பது காத்தானின் கட்சி. கயிறில்லாதது எல்லாம் அவர் கணக்கில் செருப்புதான். செருப்பைக் கழற்று என்று எவன் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், காலை உதறினால் வந்துவிடும். ஷூவை அப்படிச் சொல்ல முடியுமா? உட்கார வேண்டும், முடிச்சை அவிழ்க்க வேண்டும், குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குள் சொன்னவனுக்கே வெட்கமாகிவிடும் என்பார்.

அவர் இப்படி யோசிக்கக் காரணம் இருந்தது. குடவாசலுக்குத் தெற்கே அவர்களுடைய ஊரில், கீழத்தெருக்காரர்கள் பஸ் ரோட்டுக்கு வர மேலத்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். இன்றைக்கும் அதே வழிதான். காத்தானுக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை. நாற்றுப் பறித்த கூலியில் ஆசையாக ஒரு டயர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடந்தார். “டேய், அதக் கையில எடுத்துக்கிட்டு வேலியோரமாப் போடா” என்று பெரிய வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எடுத்துக்கொண்டு போனார். வேறென்ன செய்வார்? பின்னால் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டு, வழக்கு நடத்தி, அந்த அநியாயமெல்லாம் ஒழிந்தது. ஆனால் காத்தான் மட்டும் மறுபடி செருப்பு வாங்கவே இல்லை. போட்டால்தானே கழற்றச் சொல்வான் என்று வெறுங்காலோடே இருந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள்தான் செந்தாமரை. அவள் ஆறாவதில் சேர்ந்த வருஷம் காத்தான் கும்பகோணம் போய், கயிறு வைத்த கறுப்பு ஷூ ஒன்று வாங்கிவந்தார். பஸ் ரோட்டோரம் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் ஷூ போட வேண்டுமென்று எந்தச் சட்டமும் கிடையாது. டீச்சர்மார்களே ரப்பர் செருப்பில் வந்த காலம். அங்கே இவள் மட்டும் டக்டக்கென்று ஷூவில் போனாள். மேலத்தெருப் பையன்கள் “கலெக்டரம்மா வராங்க, ஒதுங்குங்கடா” என்று கத்துவார்கள். அவள் தலையைத் திருப்பாமல் நடப்பாள். சாயங்காலம் காத்தான் வயலிலிருந்து வந்ததும், தன் கால் சேற்றைக் கழுவுவதற்கு முன்னால், மகளின் ஷூவை எடுத்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பார். அவள் அம்மா ராசம்மாள், “சாமிக்குக் கூட இப்படி எண்ணெய்க்காப்பு நடக்காது” என்று கேலி செய்வார்.

கால் வளரும், ஷூ வளருமா? ஏழாவதில் இறுக்கிப் பிடித்தது. எட்டாவதில் விரல்களை மடக்கினால்தான் உள்ளே போயிற்று. செந்தாமரை வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நாம் இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். தினம் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற அந்த மனுஷனிடம் போய் இது என்னைக் கடிக்கிறது என்று அவள் எப்படிச் சொல்வாள்?

ஒருநாள் அடித்தோல் பிய்ந்தது. “அளவு சரியா இருக்காம்மா?” என்று அப்பா கேட்டார். “சரியாத்தாம்ப்பா இருக்கு” என்றாள். அவர் பழைய ஷூவைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய், அதைக் கடையில் காட்டி, இதே அளவு கொடுங்கள் என்று வாங்கிவந்துவிட்டார். கொடுமையைப் பாருங்கள். பத்தாவது முடிக்கும்வரை அவள் அதில்தான் நடந்தாள். கட்டைவிரலின் அடி எலும்பு வெளியே தள்ளிக்கொண்டது. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அதற்குப் பிறகு படிப்பு, பி.எட்., தனியார் பள்ளி வேலை, ஒரத்தநாட்டுக்காரர் செழியனோடு கல்யாணம் என்று வாழ்க்கை ஓடியது. அப்போதெல்லாம் அகலச் செருப்பு போட்டுக்கொண்டு சமாளித்தாள். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனபோதுதான் வினை வந்தது. அங்கே மூடிய ஷூ போட வேண்டும் என்பது விதி. காலையில் நிற்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் கால் இரண்டும் நெருப்பாக எரியும். போர்டைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போடுவாள். தலைநகர் மாலேயில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுலேர்ந்து இறுக்கமான ஷூ போட்டீங்களா?” என்று முதல் கேள்வியாகவே கேட்டார். விரல்கள் விரிந்து நிற்கிற மாதிரி ஏதாவது போடுங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று சொல்லி அனுப்பினார்.

கூட வேலை பார்த்த கூத்தாநல்லூர் ரிஃப்காதான் அந்த ஷூவைத் தேடிப் பிடித்து வரவழைத்தாள். கைக்கு உறை போடுவதைப் போலக் காலுக்கு. ஐந்து விரலுக்கும் ஐந்து தனித்தனி அறை, அடியில் தோசை கனத்துக்கு ஒரு ரப்பர். செந்தாமரையின் கால் நிறத்திலேயே பார்த்து வாங்கியிருந்தாள். நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் வெறுங்கால்தான். முதல் நாள் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். பிரின்சிபால் சலாஹுதீன் கூப்பிட்டு, “டீச்சர், இது என்ன?” என்றார். அவள் டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, “பாடம் நடத்துறது வாய்தானே, போங்க” என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்! அன்றைக்குக் கடைசி பீரியட் வரை செந்தாமரை போர்டைப் பிடிக்காமல் நின்றாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இதில் ஒன்றைக்கூட அவள் வீட்டில் சொல்லவில்லை. வீடியோ காலில் முகம்தானே தெரியும், கால் தெரியாதே. அப்பாவுக்கு இது தெரியவே கூடாது. அவர் ஆயுசில் பெருமையாகச் செய்தது அந்த ஒன்றுதான், அதுதான் தன் காலைக் கெடுத்தது என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். அவளுக்கு இருந்த பயமெல்லாம் இதுதான்.

இந்த வருஷம் சம்பா அறுவடை சமயத்தில் லீவில் வந்தாள். செழியன் லீவு கிடைக்காமல் ஒரத்தநாட்டிலேயே இருந்துவிட்டார். குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு மொபெட்டோடு வந்திருந்த காத்தான் மகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காலைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“செருப்பு எங்கம்மா?”

“இதாம்ப்பா ஷூ. அங்க எல்லாரும் போடுறாங்க. புது மாடல்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“இதப் போட்டுக்கிட்டா பாடம் நடத்துற?”

“ஆமாப்பா.”

அவர் மொபெட்டைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்து ராசம்மாளிடம் மட்டும், “நாலு பேரு பாக்க பஸ் ஸ்டாண்டுல வெறுங்காலோட வந்து நிக்கிறா உம் மக” என்றார். உள்ளே பெட்டியைத் திறந்துகொண்டிருந்த செந்தாமரைக்கு அது கேட்டது. வெளியே வந்து உண்மையைச் சொல்லிவிட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அவள் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா பள்ளிக்கூட ஆண்டு விழா வர வேண்டும்? வெளிநாட்டில் பாடம் நடத்துகிற பழைய மாணவி என்று அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். காத்தான் மறுநாளே கும்பகோணம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் கறுப்பு ஷூ, கயிறு வைத்தது.

“இங்க கெடந்த உன் பழைய செருப்ப அளவுக்குக் கொண்டுபோனேன். மேடையேறும்போது இதப் போட்டுக்கம்மா. எனக்காக.”

எனக்காக என்று அவர் அதுவரை மகளிடம் எதையும் கேட்டதில்லை. செந்தாமரை, “நல்லாருக்குப்பா” என்றாள்.

விழாவன்று மொபெட்டை எடுக்க வேண்டாம், நடந்தே போகலாம் என்று காத்தான் சொல்லிவிட்டார். மேலத்தெரு வழியாக மகளோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பட்டுப்புடவை, கறுப்பு ஷூ. திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளலாமென்று ஐந்துவிரல் ஷூவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ராசம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு முன்னாலேயே போய்விட்டார்.

கீழத்தெருவில் பாதிக்கு மேல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே கட்டைவிரல் எலும்பில் ஊசி ஏற்றியதுபோல் வலி ஏறியது. அவள் பல்லைக் கடித்தாள், சிரித்தாள், வயலில் நின்ற அறுவடை மிஷினைப் பற்றி ஏதோ கேட்டாள். மேலத்தெரு ஆரம்பிக்கிற இடத்தில் வாய்க்கால் மதகு இருக்கிறது. அதன் கட்டையைத் தொட்டபோது அவளால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை.

“உக்காரு” என்றார் காத்தான்.

“ஒண்ணுமில்லப்பா, புது ஷூ, அதான். அங்க போயி ஒரு தடவ கால்ல அடிபட்டுச்சு, அதுலேர்ந்து...”

“பொய் சொல்லாதம்மா.”

அவர் அவளைப் பார்க்கவில்லை, வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நீ எட்டாவது படிக்கயில சாஞ்சு சாஞ்சு நடப்ப. இதே மதகுல நின்னு நான் பாத்துருக்கேன்.”

செந்தாமரை கட்டையில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பாத்தீங்களா? அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். கழட்டிப் போட்டுட்டு நடந்து போன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ வெறுங்காலோட அந்தத் தெருவுல நடக்கணும். அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நொண்டிக்கிட்டாவது ஷூவோட போகட்டும்னு விட்டுட்டேன். போடப் போடப் பழகிடும்னு நெனச்சேன். நான் எதெதுக்கோ பழகலியா?”

“சரியா இருக்குன்னு நான் சொன்னதை நம்பித்தானே அதே அளவு வாங்குனீங்க?”

“நம்பல. நம்புன மாதிரி இருந்துட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. “அப்ப நான் எதுக்குப்பா இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு தவியாத் தவிச்சேனே! தெரிஞ்சுக்கிட்டேதானா இன்னிக்கும் இத வாங்கிக் குடுத்தீங்க?”

“சின்னப் புள்ளையில பட்டதோட போயிருக்கும்னு இருந்தேம்மா. இன்னமும் வலிக்கும்னு நெனக்கல.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “தப்புதான். நான் பண்ணுனது பெரிய தப்பு.”

செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காத்தான் கீழே உட்கார்ந்து அவள் ஷூக் கயிற்றைப் பிடித்தார். “விடுங்கப்பா, நான் கழட்டிக்கிறேன்” என்றாள். அவர் விடவில்லை. இரண்டையும் கழற்றி வைத்தார். ஒளிந்து கிடந்த சுண்டுவிரலைத் தன் காப்புக் காய்த்த விரலால் மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தார். விட்டதும் அது பழையபடி உள்ளே போய்விட்டது. திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.

“அந்த ஷூ எங்க?” என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே மாட்டிவிடப் போனார். ஒரு விரல் நுழைந்தால் அடுத்தது வெளியே வந்தது. “என்னம்மா இது, புள்ளைக்குச் சட்ட மாட்டுற மாதிரி இருக்கு” என்றார். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தானே மாட்டிக்கொண்டாள்.

கறுப்பு ஷூவைக் காத்தான் கையில் எடுத்தார். செந்தாமரை வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். அந்தத் தெருவில் அவர் மறுபடியும் எதையும் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

மேலத்தெருவை இரண்டு பேரும் நடுவாகவே நடந்து தாண்டினார்கள். வாசல்களில் நின்றவர்கள், “எப்ப வந்த டீச்சர்?” என்று விசாரித்தார்கள். அவளும் நின்று பதில் சொன்னாள். சிலருடைய பார்வை கீழே இறங்கி ஏறியது. காத்தான் எதையும் கவனிக்காதவரைப் போல வந்தார்.

பள்ளி வாசலில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் துரைராசு வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். மேலத்தெருப் பெரிய வீடு அவருடையது. காத்தானை வேலியோரமாகப் போகச் சொன்ன குரல் அவருடைய அப்பாவுடையது.

“வாம்மா, வா. நம்ம ஊருக்கே பெருமை” என்று சந்தன மாலையை நீட்டினார். அப்போதுதான் அவர் கண் செந்தாமரையின் காலில் விழுந்தது. நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். “ஏம்மா, மேடையேறப் போற, செருப்பு போட்டுக்கிட்டு வரக் கூடாதா? இப்பல்லாம் யாரு என்ன சொல்லப் போறாங்க?”

செந்தாமரை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காத்தான் ஒரு அடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“போட்டுருக்கு. ஷூதான் அது. நின்னு பாத்தா தெரியாதுங்க. குனிஞ்சு பாருங்க.”

துரைராசு மகளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மாலையைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முட்டியில் ஒரு கையை ஊன்றி, மெல்லக் குனிந்தார். செந்தாமரை காலை நகர்த்தவில்லை.