உச்சி திறந்த கூரை

மானாம்பதியில் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நடந்தால், பக்கத்திலேயே ஊர்க்காரர்கள் கட்டும் சிறிய தேவாலயம். வட்டச் சுவரின்மேல் கவிழ்த்த கிண்ணம்போல கான்கிரீட் கூரை. உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. கூரையைத் தாங்கிய சவுக்குக் கம்புகளை இன்றுதான் பிரிக்கிறார்கள். மேஸ்திரி ஸ்டெல்லா உள்ளே நிற்கிறார்.

"உச்சியில ஏன்க்கா மூடல?"

"ரோம்ல ஒரு பழைய கோயிலு கீது சார், போட்டோல பார்த்தேன். கம்பியே இல்லாம கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருசமா நின்னுக்கினு கீது. அதுவும் இப்படித்தான்."

"மழை பெஞ்சா?"

"தரைய நடுவுல லேசா மேடு பண்ணிக்கீறேன். தண்ணி ஓரமா ஓடிடும்."

அந்தக் கோயிலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் தரை அப்படித்தான் என்கிறேன். அவர் முகம் மலர்கிறது.

ஒரே ஒரு கம்புதான் பாக்கி. நான் வெளியே வந்துவிடுகிறேன். ஸ்டெல்லாவையும் வந்துவிடச் சொல்லிச் சித்தாள் பெண்கள் கத்துகிறார்கள்.

"நான் போட்ட கூரை. நானே நிக்கலன்னா வேற யாரு நிப்பாங்க?"

கம்பு விழுகிறது. கூரை நிற்கிறது. வெயில் வட்டமாகத் தரையில் இறங்க, எல்லோரும் கைதட்டுகிறோம். ஸ்டெல்லா அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

"இப்பதான் காலு நடுங்குது சார். யாராச்சும் ஒரு டீ வாங்கினு வாங்க."