டாட்டா காட்டாத அங்கிள்

தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. நான் ஜன்னலோரம். பிளாட்பாரத்தில் ராகவன் அங்கிள், மாட்டுங்காவில் என் மாமாவுக்குப் பக்கத்து ஃபிளாட். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் விமானம் ஓட்டியவர். மாமாவுக்கு லீவு கிடைக்காததால் என்னை ஏற்றிவிட இவர் வந்திருக்கிறார். வாங்கித் தந்த வடாபாவ் பொட்டலத்தின் எண்ணெய் என் டிக்கெட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது.

விசில் ஊதியாயிற்று. பிளாட்பாரம் முழுக்க டாட்டா. இவர் மட்டும் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அங்கிள், டாட்டா காட்டினா பென்ஷனைக் கட் பண்ணிடுவாங்களா?"

"நான் யாருக்கும் காட்டறதில்லேடா."

"அவ்வளவு பந்தாவா?"

அவர் சிரிக்கவில்லை.

"எங்க பிளேனுக்கு ரெக்கை ரெண்டடுக்கு, அதுவும் துணி. தலைக்கு மேலே கூரை கிடையாது. அந்தக் காலத்துலயே அது காயலான்கடைச் சரக்கு. ரேடியோவும் இல்லே, பக்கத்துல பறக்கறவனோட கையாலதான் பேசணும். ஒருநாள் என் ஃப்ரெண்ட் ஜோசப்புக்குப் பின்னாலே ஜப்பான்காரன் பிளேன் வந்துடுத்து. 'டேய், பின்னாலே பாரு'ன்னு கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டறேன்."

"பார்த்தாரா?"

"சிரிச்சுண்டே எனக்குத் திருப்பிக் கை ஆட்டினான்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்கிறது. பழக்கதோஷம், என் கை ஜன்னலுக்கு வெளியே போய் ஆட ஆரம்பித்துவிட்டது. அவர் பார்வை என் முகத்தில் இல்லை. எனக்குப் பின்னால், வண்டிக் கூரைக்கு மேலே, வானத்தில் எதையோ தேடுகிறது.

கையை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.