பறுவத்தன்று பார்த்த ஒழுங்கை

குச்சவெளிக் கரையில் கதிரவேலர் பிழை விட்டார் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் இருந்திருக்கலாம், அவர் காதில் விழவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். பதினொரு வயதில் அடுத்தவன் படகில் தண்ணீர் இறைக்கப் போனவருக்கு இன்றைக்கு அதே கரையில் மூன்று படகு, கீழே ஆறு ஆட்கள், ரோட்டோரமாகக் கல்வீடு. ஒருவரிடமும் கைநீட்டவில்லை, ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் அவர் படகு திரும்பும் நேரத்துக்குக் காத்து நின்று மீன் வாங்கிப் போனார்கள். இப்படிப்பட்டவரைத்தான் திருகோணமலை டவுனில் சந்து மாதிரி ஒரு சின்ன ஒழுங்கை போட்டுக் குழப்பியது.

அவருடைய ஒரே மகள் சுதர்ஷினி. சோதனை எழுதி, ஆறு வருஷம் காத்திருந்து, கடைசியில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு அரசாங்க அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒன்றாம் திகதி வேலையைப் பாரமெடுக்க வேண்டும். குச்சவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவது இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆகாத காரியம். மூத்தவன் ஜதுர்சனுக்கு ஏழு வயது, சின்னவள் சிவரூபிக்கு மூன்று. கணவன் இராகுலன் வெளிநாட்டில், கட்டாரில். அவன் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்:

"பிள்ளையளோட தனிய இருக்கப் போறாய். பயமில்லாத, குடும்பங்கள் இருக்கிற இடமாக் கிடைச்சால் போ. மாசம் முடியிறதுக்குள்ள கிடைக்காட்டி வேலையை விட்டிடு."

ஆறு வருஷக் காத்திருப்பு ஒரு வாடகை வீட்டில் வந்து தொங்கியது.

"நான் போய் நாலு இடம் பாத்திட்டு வாறன் அப்பா" என்றாள் சுதர்ஷினி.

"நீ என்னத்தைப் பாப்பாய்? கண்ணுக்கெட்டாத தண்ணியில இடம் பாத்து வலை விட்டவன் நான். எனக்கு ஒரு ரோட்டுப் பாக்கத் தெரியாதோ?"

அவர் இடம் பார்க்கிற முறை தனி. கடலில் போய் இயந்திரத்தை நிறுத்துவார். ஒரு பீடி பிடித்து முடிக்கும் வரை படகில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தண்ணீரின் நிறம், இழுவை, சத்தம் எல்லாவற்றையும் அந்த ஒரு பீடிக்குள் அளந்துவிடுவார். பீடியை எறிந்துவிட்டு "விடு" என்றால் வலை விழும். நாற்பது வருஷமாக அப்படித்தான்.

அந்த மாதம் முழுநிலவுப் பறுவத்தன்று டவுனுக்குப் புறப்பட்டார். நிலவு காலத்தில் வலைத் தொழில் இல்லை, வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிப்போகும். ஆகவே டவுன் வேலை, கோயில் வேலை, கலியாண வீடு எதுவாக இருந்தாலும் அவருக்குப் பறுவத்தில்தான். பஸ் நிலையத்தில் ஜவ்பர் என்கிற ஓட்டோக்காரன் பிடிபட்டான். வாடகை வீடுகளின் விபரமெல்லாம் அவன் விரல்நுனியில்.

முதலில் லிங்கநகரில் ஒரு ஒழுங்கைக்குள் கொண்டுபோனான். ஓட்டோ நிற்க முன்னமே ஒரு பந்து வந்து கூடாரத்தில் 'டம்' என்று விழுந்தது. ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள். நடுரோட்டில் பெயின்ற் வாளியை விக்கெற்றாக வைத்துக் கிரிக்கெற். சைக்கிளில் வந்த ஒரு சிறுமி மணியை விடாமல் அடித்தாள். ஒவ்வொரு கேற்றடியிலும் இரண்டு பெண்கள் நின்று கதைத்தார்கள். கதிரவேலர் பீடியைப் பற்றவைத்தார். பாதிகூட எரியவில்லை, எறிந்துவிட்டார்.

வீட்டுக்கார நல்லம்மா கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். "உள்ள வந்து பாருங்கோ ஐயா. நல்ல தண்ணிக் கிணறு."

"கிணறு கிடக்கட்டும் அம்மா. இது வீடோ, சந்தையோ? இஞ்ச மனிசர் இருக்கேலுமோ?"

நல்லம்மா திறந்த கேற்றைத் திரும்பச் சாத்தினாள்.

"ஐயா, இண்டைக்குப் போயா நாள்" என்றான் ஜவ்பர். "இன்னொரு நாளும் வந்து பாத்தா நல்லம்."

"நீ ஓட்டோவை ஓட்டு தம்பி. இடம் நான் பாக்கிறன்."

அடுத்தது துறைமுகப் பக்கம், புளியடி ஒழுங்கை. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் பச்சைக் கதவு இழுத்துப் பூட்டிய கடைவரிசை. கடைசியில் ஒரு புளியமரம், அதற்கு எதிரே நீலக் கேற்றுப் போட்ட வீடு. கதிரவேலர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். பீடியைப் பற்றவைத்தார். புளியம் இலை விழுகிற சத்தம் கேட்டது. ஒரு காகம் வந்தது, அதுவும் கத்தாமல் போனது. ரோட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. மகள் வேலைக்கு நடந்தே போகலாம். பீடி முடிந்தது.

"விடு" என்றார்.

"என்ன ஐயா?"

"வீட்டுக்காரனிட்டச் சொல்லு. குச்சவெளிக் கதிரவேலுக்கு இந்த வீடு வேணுமாம்."

அன்று பின்னேரம் குச்சவெளி முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது. டவுனுக்குள் இப்படி ஒரு அமைதியான ஒழுங்கை இருப்பது டவுன் சனத்துக்கே தெரியாது, தான் போய்க் கண்டுபிடித்ததாக ஆளாளுக்குச் சொன்னார். இராகுலனும் போனில் "மாமா பாத்தால் சரிதான்" என்றான்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. வீட்டுக்காரனோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க ஒரு புதன்கிழமை அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தாள் சுதர்ஷினி. ஜவ்பருக்கு வேறு ஓட்டம் இருந்ததால் கதிரவேலரே வழிகாட்டி நடந்தார். பத்து மணி வெயில்.

முதல் திருப்பத்தில் ஒரு ஒழுங்கை வந்தது. வாயை அடைத்தபடி சீமெந்து லொறி ஒன்று நின்றது. உள்ளே கராஜில் இரும்பு அறுக்கிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. அதற்குப் பக்கத்துக் கடையில் கம்பி அடித்த ஜன்னலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள்.

"இது இல்லை" என்று சொல்லித் தாண்டிப் போனார்.

அடுத்த ஒழுங்கையில் புளியமரம் இல்லை. அதற்கடுத்ததில் வேம்பு நின்றது. மதில் இருந்த ஒழுங்கையில் கடை இல்லை, கடை இருந்த ஒழுங்கையில் மதில் இல்லை. இருட்டுக்குள்ளும் பிசகாமல் கரை சேர்கிற மனிதர் பட்டப்பகலில் அந்த நாலு ரோட்டையும் மூன்று தரம் சுற்றினார். செருப்பு வார் அறுந்தது. ஒருவரிடமும் வழி கேட்காதவர் கடைசியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரனிடம் போய் நின்றார்.

"தம்பி, புளியடி ஒழுங்கை எங்க?"

"நீங்க நிக்கிறதுதான் ஐயா."

அவர் திரும்பிப் பார்த்தார். அதே லொறி, அதே கராஜ், அதே கம்பி ஜன்னல்.

"இது இல்லைத் தம்பி. மற்றப் புளியடி ஒழுங்கை."

"மற்றது எண்டு ஒண்டும் இல்லையே ஐயா. இருக்கிறது இது ஒண்டுதான்."

லொறியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ஒழுங்கையின் கடைசியில் புளியமரம் அதே இடத்தில் நின்றது. எதிரே நீலக் கேற். கேற்றில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, சாரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக ஒருவன் கிடந்தான். பக்கத்தில் போத்தல்.

கதிரவேலர் மரத்தைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், திரும்ப மரத்தைப் பார்த்தார். பச்சைக் கதவுகளைக் காணோம். அவை மேலே சுருட்டி ஏற்றப்பட்டிருந்தது அவருக்குப் பிடிபடவே இல்லை.

"டவுனையே மாத்திப்போட்டாங்கள் பிள்ளை."

"பத்துப் பன்ரெண்டு நாளைக்குள்ளயோ அப்பா?" சுதர்ஷினியின் குரல் அழுகைக்குக் கிட்டப் போயிருந்தது. "இஞ்ச சிவரூபியை வாசலுக்கு விடேலுமோ? அவர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? வேலை போச்சு, அவ்வளவுதான்."

"அண்டைக்கு நான் பீடி பிடிச்சுப் பாத்தனான். ஒரு ஈ, காக்கா இல்லை."

சுதர்ஷினி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்கள் வந்தது என்ன நாள்?"

"தொழில் இல்லாத நாள். பறுவம்."

"போயா!"

"ஓம். அதுக்கென்ன?"

"ஐயோ அப்பா, போயாவில சாராயக் கடை பூட்டு. கராஜ் பூட்டு. லொறி ஓடாது. பள்ளிக்கூடமும் லீவு. பறுவத்தில உங்களுக்கு மட்டுந்தான் லீவெண்டு நினைச்சீங்களோ?"

பறுவம்தோறும் போயா என்று நாடே லீவு, சாராயக் கடை பூட்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் குடிக்காத மனிதருக்கு அது மனதில் நிற்கிற விஷயமா? மீன் வாங்க லொறி கரைக்கே வருகிறது, கடுதாசி வேலைகளை மனைவியும் மகளும் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக அவர் கண்ட திருகோணமலை முழுவதும் பறுவத் திருகோணமலைதான். இன்றைக்குத்தான் புதன்கிழமைத் திருகோணமலையைக் காண்கிறார்.

அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு ஜவ்பருக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அந்தச் சந்தை வீடு இன்னும் கிடக்கோ?"

ஜவ்பர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியிலும் கேட்டது. அரை மணித்தியாலத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். லிங்கநகரில் ஓட்டோ நின்றதும் கதிரவேலர் இறங்கவில்லை.

"பிழையான இடத்துக்குக் கொண்டந்திட்டாய். இது இல்லை."

"இதுதான் ஐயா."

ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. கொடியில் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்தன. மதிலோரமாக ஒரு பெயின்ற் வாளி தனியாக இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவர் காலைக் கீழே வைத்தார். எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்க வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

நல்லம்மா கேற்றடிக்கு வந்தாள். திறக்கவில்லை. "என்ன ஐயா, சந்தைக்கு வந்தனீங்களோ?"

ஜவ்பர் ஓட்டோவுக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தான்.

"வேலை செய்யிற பெடியள் நாலு பேர் வந்து கேட்டவங்கள்" என்றாள் நல்லம்மா. "பின்னேரம் முடிவு சொல்லுறன் எண்டனான்."

கடலில் எத்தனை காற்றுக்கு முகம் கொடுத்த கதிரவேலர் இந்தக் கேற்றைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் நிலவு நாளில வந்து பாத்தனான். டவுன் எல்லா நாளும் ஒரே மாதிரி எண்டு நினைச்சிட்டன். எனக்கு விளங்கேல்லை. இப்பவும் சரியா விளங்கேல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு நாலு நாளில வேலை. வீடு இல்லாட்டி அதுவும் இல்லை."

இப்படி ஒரு பேச்சு அப்பாவின் வாயிலிருந்து வந்ததைச் சுதர்ஷினி அதுவரை கேட்டதில்லை. நல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிள்ளையள் எத்தினை, மகள்?"

"ரெண்டு."

"ரெண்டும் சத்தம் போடுங்களோ?"

சுதர்ஷினி அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "போடுங்கள். நல்லாப் போடுங்கள்."

"அப்ப வாங்கோ" என்று நல்லம்மா கேற்றைத் திறந்தாள். "இந்த ஒழுங்கையில பிள்ளையள் இல்லாத வீடு எண்டு கிடந்தது இது ஒண்டுதான்."

ஒன்றாம் திகதி சுதர்ஷினி வேலையைப் பாரமெடுத்தாள். அடுத்த பறுவத்தன்று கதிரவேலர் அறுக்குளா மீனோடு லிங்கநகருக்குப் போனார். ஒழுங்கைக்குள் கால் வைக்கவே பந்து ஒன்று காதோரமாகப் பறந்தது. பின்னால் துரத்தி வந்தவன் ஜதுர்சன். சிவரூபி யாருடையதோ சைக்கிளின் பின்சீற்றில் இருந்து கூவிக்கொண்டு போனாள்.

"மற்ற நாளில பள்ளிக்கூடம் முடியும்வரை இஞ்ச அமைதிதான் அப்பா, கோயில் மாதிரி" என்றாள் சுதர்ஷினி.

"ஓம், ஓம்" என்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதன் பிறகு போன ஒவ்வொரு பறுவத்திலும் அதே ஆரவாரம்தான். அந்த அமைதியான லிங்கநகரை ஒரே ஒரு புதன்கிழமை கண்டதோடு சரி, அதுவும் வேறு ஒழுங்கையோ என்று அவருக்கு இன்றைக்கும் ஒரு ஐயம் உண்டு.

ஆனால் படகில் ஆட்களுக்கு அவர் சொல்கிற கதை வேறு. "பிள்ளையள் இருக்கிற குடும்பத்துக்கு இடம் பாக்கிறதெண்டால் பறுவத்தில போய்ப் பாக்கவேணுமடா. அண்டைக்குத்தான் எந்த ஒழுங்கையில பிள்ளையள் இருக்கு எண்டு தெரியும். படிச்சவங்களுக்கு இது விளங்குமோ?"