வராதே என்று சொல்ல வந்தவள்

இப்போதும் வாசலில் தெரியாத பைக் ஒன்று வந்து நின்றால் நான் முதலில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். கூரியர் கொண்டுவருகிற பையன் பாவம், கையெழுத்து வாங்குவதற்குள் எந்த ஊர், யார் அனுப்பினது என்று நாலு கேள்வி கேட்டு அவனை நோகடித்துவிடுகிறேன். பயந்த சுபாவம் என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பை ஒரே அதட்டலில் அடக்குகிறவள் நான். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்தப் பயம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை, இடையில் வந்தது.

எங்கள் வீடு கடலூருக்குத் தெற்கே, சிப்காட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊரில். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரே மகள். மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று ஒவ்வொரு கிராம சபையிலும் எல்லோரும் கையைத் தூக்குவோம். தீர்மானம் நிறைவேறும், டீயும் மிக்சரும் வரும். அடுத்த மழைக்குக் கட்டில்மேல் அடுப்பை ஏற்றிச் சமைப்போம்.

எதிர் வீட்டு அக்காவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதி ஊருக்கு மூக்குச் சளி துடைத்துவிட்டவள் என்பதால் அவள் பேச்சுக்கு மரியாதை உண்டு. "வாய்க்காலக் கேட்டா ஒரு வருசத்துக்கு வாய்க்கால் கெடைக்கும். நாம கையத் தூக்கினா அதிகாரி அதுக்கு பதில் சொல்லியே ஆவணும்னு சட்டத்தக் கேப்போம்" என்றாள். அது வெளியூர்களுக்கும் பிடித்துப்போனது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய், புவனகிரிப் பக்கத்திலிருந்து விவசாயிகள், சிதம்பரத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் என்று சேர்ந்தார்கள்.

அக்காவின் சாமர்த்தியம் கூட்டம் சேர்த்ததில் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, தாம்பூலத் தட்டை நீட்டிக் கூப்பிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பார்த்த இடத்தில் பத்திரிகையைக் கையில் திணித்துவிட்டான் என்று தாய்மாமனோடு இன்றுவரை பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அக்கா இதைப் புரிந்துகொண்டு நோட்டீஸ் அடிக்கவே இல்லை. வெற்றிலை, பாக்கு, குங்குமம், கற்கண்டு வைத்த தட்டோடு வீடுவீடாகப் போனாள். பாய் வீட்டுப் பக்கம் போகும்போது கற்கண்டு மட்டும். "ஞாயித்துக்கெழம காலையில மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் குடும்பத்தோட வந்துருங்க. இது நம்ம வூட்டு விசேஷம்."

வந்தார்கள். நாலைந்து பெண்கள் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களே எந்தக் கட்சி என்று புரியாமல் முழித்தார்கள். அன்றைக்கு மைதானத்தில் நடக்க இடமில்லை. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சாதாரண சட்டை, பேண்ட்டில் இரண்டு பேர். ஸ்டேஷனிலிருந்து வருகிறோம் என்றார்கள். தண்ணீர் கேட்டார்கள். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்து, தேங்க்ஸ் சொன்னார்கள். கூட்டத்துக்கு யார் யார் போனது, யார் கூப்பிட்டது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. கிளம்பும்போது ஒருவர் திரும்பி, "பொண்ணு பரீட்சயில பாஸாமே? வாழ்த்துக்கள்மா" என்றார்.

என் மகள் அரசு வேலைக்கான தேர்வில் தேறியிருந்தாள். சர்ட்டிபிகேட் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். போலீஸ் விசாரணையும் ஆர்டரும்தான் பாக்கி. எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் அரசாங்க நாற்காலியில் உட்காரப்போகிற முதல் ஆள். அந்த மனிதர் உண்மையாகவே வாழ்த்தினாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி முழுக்க இதே யோசனை. அம்மாவின் மேல் கேஸ் இருந்தால் பெண்ணின் வேலை போய்விடுமா? ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கப் போனால் நாம் கேட்டதே வெளியே தெரிந்துவிடும் என்று பயம். கேட்காததால் பயம் இன்னும் ஜாஸ்தியானது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் போனைத் தூக்கினால்கூட என்னைப் படமெடுக்கிறாரோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டம் வேலைநாளில் வைத்திருந்தார்கள், மைதானத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் அதிகாரிகள் இருக்கும்போதே உட்கார வேண்டும் என்று. அதற்கு முன்பு ஒருநாள் அக்கா வந்தாள். நான் முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். தட்டு இல்லை. என் நெஞ்சு லேசானது.

"நீ வராதடி" என்றாள். "பாப்பாவுக்கு ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் நீ அந்தப் பக்கமே தல காட்டாத. நாங்கல்லாம் இருக்கோம்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அவள் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போயிருக்கிறாள். மூன்றாவது வீட்டில் பையனுக்குப் பாஸ்போர்ட் வரவேண்டியிருந்தது, நீங்கள் வரவேண்டாம். கடைசி வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், நீங்களும் வேண்டாம். பாயின் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான், திரும்பிப் போகிறவரை அவரும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் 'நாங்கல்லாம் இருக்கோம்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த நாங்களெல்லாம் யார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, நானும்தான்.

கூட்டத்தன்று பள்ளியில் இருப்புக்கொள்ளவில்லை. பலகையில் கூட்டலையே தப்பாகப் போட்டேன். மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கடலூரில் இறங்கியதும் அரைக் கிலோ முருங்கைக்காய் வாங்கிப் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் காய் வாங்க வந்தேன் என்று சொல்லலாமே! மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றேன்.

மைதானத்தில் நீல ஜமுக்காளம் விரித்திருந்தது. அதன் நடுவில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கூட யாரும் இல்லை. ஓரத்தில் போலீஸ் வேன். ஒரு போலீஸ்காரர் டீ டம்ளரோடு அவளிடம் போய் ஏதோ கேட்டார். அக்காவுக்கு எப்போதும் பெரிய குரல், ரோட்டைத் தாண்டிக் கேட்டது. "வருவாங்க சார். வந்துக்கினே இருக்காங்க."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மூன்றாவது வீட்டுப் பெண் வாழைப்பழ வண்டியில் ஒரே சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் நிறுத்திய வண்டிமேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார், வண்டி நம்பர் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள், காலையிலிருந்தே லீவு போட்டவர்கள், பஸ் ஸ்டாப்பில் எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் நின்றார்கள். ஏ.டி.எம். வாசலில் பாதி எங்கள் தெரு. டீக்கடையில் ஒருவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்திருந்தார். பேப்பர் கொஞ்சம் இறங்கியது. என் வீட்டுக்காரர். ஷிப்டுக்குப் போகிறேன் என்று காலையில் டிபன் பாக்ஸ் வாங்கிப் போன மனுஷன்! என்னைப் பார்த்தார், என் முருங்கைக்காயைப் பார்த்தார், பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

எல்லோரும் வந்திருந்தோம், இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இந்த மாதிரி போராட்டங்கள் ஏன் நசிந்துபோகின்றன என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது விலைபோனார்கள், பிரிந்துபோனார்கள் என்கிறார்கள். எங்களில் ஒருவரும் விலைபோகவில்லை. யாரும் எங்களை அடிக்கவும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் போய் முதலில் உட்காரக் கூச்சப்பட்டு, யாராவது கையைப் பிடித்து இழுக்கட்டும் என்று தூணோரம் நிற்போமே, அப்படி நின்றோம். யாராவது ஒருவர் ரோட்டைக் கடந்திருந்தால் மற்றவர்களும் கடந்திருப்போம். அந்த ஒருவராக இருக்க எல்லோருக்கும் பயம்.

அக்கா தலையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் பார்த்தாள். அவள் கண் என்மேல் வந்து நின்றது. கையை அசைத்து 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் என் பின்னால் இருந்த கடை போர்டைப் படிக்கிறவள் மாதிரி பார்த்துவிட்டு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போலீஸ்காரரும் அந்தத் திசையில் பார்த்தார். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அவள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கோழை என்று நாலு பேர் எதிரில் திட்டியிருந்தால் ரோஷத்திலாவது போயிருப்பேன். இப்படி நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

ஆர்டர் வந்தது. விசாரணைக்கு வந்தவர் பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை, கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா தட்டில் கற்கண்டோடு வந்து மகளின் வாயில் போட்டாள். மறுபடி கூட்டம் வைப்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மகளுக்கு மஞ்சக்குப்பத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலை. பொதுமக்களிடம் மனு வாங்கும் ஜன்னல். தகுதிகாண் காலம் முடிகிறவரை ஜாக்கிரதையாக இரு என்று நான் தினமும் சொல்லி அனுப்புகிறேன். அது முடிந்தால் பிரமோஷன் வரும்வரை என்று சொல்வேன்.

போன வாரம் மகள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, எதிர் வீட்டுப் பெரியம்மா இன்னிக்கு ஆபீசுக்கு வந்தாங்க. அதே மனு. கிராம சபைக்குச் சட்டம் வேணும்னு. தனியாத்தான் வந்தாங்க."

எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். "உங்கிட்ட பேசுனாங்களா? யாராவது பாத்தாங்களா?"

"இல்லம்மா. என்னைத் தெரியாத மாதிரியே 'இந்தாங்க மேடம்'னு நீட்டுனாங்க."

"நீ?"

"நானும் தெரியாத மாதிரியே வாங்கிக்கிட்டேன்."