ஆத்தா தலையில் மெட்ராஸ்

ஆந்திரா பிரிந்துபோன பிறகும் எங்கள் வகுப்பில் பழைய வரைபடமே தொங்கியது. புதியது அச்சடிக்கச் சிவகாசியில் ஆர்டர் கொடுத்தேன்.

இன்று வந்தது. மாநிலத்துக்குப் பின்னால் மங்கலாக இருக்கன்குடி மாரியம்மன்!

அதைக் கொண்டுவந்த, காலண்டர் போடும் அச்சகக்காரர் சொன்னார்: “சாமி இல்லாம இங்கன ஒரு தாளும் மெசின் ஏறாது, வாத்தியாரய்யா. நம்ம ஊரப் பாத்தீகளா? ஆத்தா காலடியில வந்திருக்கு!”

வகுப்பில் மாட்டி, எங்கள் விருதுநகரைக் காட்டச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“ஏலே, தலைநகரம் எங்கன இருக்கு?”

“மெட்ராஸ் ஆத்தா தலையில இருக்கு சார். குச்சி வைக்கமாட்டேன்.”

திட்டிவிட்டுக் குச்சியை நானே வாங்கினேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். தலைநகரத்தைத்தான் கேட்பார். உங்களில் துணிச்சல்காரர் யாராவது இருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து காட்டுங்களேன்.