துரைக்கு முதல் உருண்டை

கோவிந்தம்மாளுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இன்னும் முன்னாலேயே திறந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் மாதுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், நோம்பி, பண்டிகை என்றால்தான் முகம் காட்டுவான். மானாவாரிக் காட்டில் கேழ்வரகு, கிணற்றுத் தண்ணீர் எட்டும் துண்டில் மரவள்ளி, சொசைட்டிக்குப் பால், மீதிப் பொழுதுக்கு நூறு நாள் வேலை. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்தாள். மகன் மாதேஷ் ஓசூரில் கம்பெனிக்குப் போகிறான். அரூர் பஸ்ஸில் உளுந்து மூட்டையை ஏற்றமாட்டேன் என்ற கண்டக்டரை, மூட்டையோடு அவனையும் தூக்கி உள்ளே வைப்பதாக மிரட்டியவள். அப்பேர்ப்பட்டவள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் தலை குனிந்து நிற்பாள். துரைப் பொங்கல் அன்றைக்கு.

தீர்த்தமலை போகிற ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் கல்லறை இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சத்தில் இங்கே ரோடு போடும் முகாம் நடத்திய துரை அவன். காலராவில் செத்தான். பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட்ட மகராசன் என்று சொல்லிச் சொல்லியே அவனைச் சாமியாக்கிவிட்டார்கள். மாசி மாதம் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு கொடுத்து அங்கே களி கிளறுவார்கள். முதல் உருண்டையும் ஒரு சுருட்டும் துரைக்கு. அதுதான் துரைப் பொங்கல்.

சோறு போட்டானாம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? ஜனம் சுருண்டு விழுந்துகொண்டிருந்தபோதே சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வரியையும் விடவில்லை. எலும்பும் தோலுமாய் வந்தவர்களை நாளெல்லாம் கல் உடைக்க விட்டு, கூலியாக ஒரு பவுண்டு தானியம் அளந்தார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். செத்த துரைக்குச் செதுக்கிய கல் வைத்தார்கள். அந்த ரோட்டிலேயே விழுந்து செத்த எங்கள் ஆட்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் மேல்தான் தார் போட்டிருக்கிறோமோ என்னவோ.

பொங்கலில் ஒரு சடங்கு உண்டு. ஊரே ரோட்டோரம் வரிசையாகக் குந்தி இரண்டு கையையும் ஏந்த வேண்டும். பூசாரி துரைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நடந்து வந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பார். நடுவில் ஒருத்தியை மட்டும் கைகாட்டி, "ஒன்னால வேல ஆவாது, போ" என்பார். அவள் எழுந்து ஊர் எல்லைக்கு வெளியே போய்ப் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடக்க வேண்டும். ஊர்ப் பீடையெல்லாம் அவளோடு போய்விடுமாம். இதற்குக் கழிப்பு என்று பெயர். போகிறவள் எப்போதும் மாது வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள். கல் உடைக்கத் தெம்பில்லை என்று முகாமிலிருந்து முதலில் துரத்தப்பட்டவள் அந்த வீட்டுக்காரியாம், அதனால்.

கல்யாணமான வருஷமே கோவிந்தம்மாள் போனாள். அப்போது வயிற்றில் நாலு மாசம். எல்லைப் புளியமரத்தடியில் தாகத்தோடு கிடந்தவளுக்கு மத்தியானத்துக்கு மேல் உதிரம் போக ஆரம்பித்தது. பொழுது சாயாமல் யாரும் கிட்டே போகவில்லை. அரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனபோது குழந்தை இல்லை. அந்த வருஷம் நல்ல மழை. துரை கேட்டுக்கொண்டார், ஊர் பிழைத்தது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறமும் வருஷா வருஷம் அவள்தான் போனாள்.

மாதேஷுக்குப் போன வைகாசியில் கல்யாணம். மருமகள் பானுமதிக்கு இந்த மாசியில் ஐந்து மாசம். பொங்கலுக்கு நாள் சாட்டியதும் கோவிந்தம்மாள் பூசாரி பச்சியப்பன் வீட்டுக்கு நடந்தாள். அவர் மாதுவுக்குப் பெரியப்பன் மகன்.

"மாமா, இந்த வருசமும் நானே போயிடறங்க. புள்ளத்தாச்சிய வுட்டுடுங்க."

"புது மருமவ வந்த பின்னால பழைய ஆளு போனா தொர ஏத்துக்க மாட்டாரு. ஊரு வழக்கம் கோவிந்தம்மா, நானா வெச்சேன்?"

அவள் திரும்பி நடந்தாள். வாய் நீளக்காரி சும்மா வருகிறாளே என்று எனக்கே ஆச்சரியம்.

பொங்கலன்று மாமியாரும் மருமகளும் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் குந்தினார்கள். பச்சியப்பன் உருண்டை கொடுத்துக்கொண்டே வந்து பானுமதியிடம் நின்றார். மேளம் நின்றது.

"ஒன்னால வேல ஆவாது, போ."

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள். கோவிந்தம்மாள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"மாமா, ஒரு வார்த்த கேக்கறங்க. சோறு போட்ட மவராசன்னு சொல்றீங்களே, சோறு போட்டவன் எதுக்குங்க பசிச்சவளத் தொரத்தணும்?"

"வழக்கத்தப் போயி கேள்வி கேக்கறயா?"

"அவன் தொரத்துனது நம்ம வூட்டுப் பொம்பளயங்க. அவ எங்க போயி செத்தாளோ! அதத்தான நாம வருசா வருசம் செஞ்சு காட்டிக் கும்பிட்டுக் கெடக்கறோம். தூ!"

சொல்லிக்கொண்டே பானையண்டை போனாள். துரைக்கு வைத்திருந்த முதல் உருண்டையைக் கல்லறை மேலிருந்து எடுத்தாள். களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கீரைக் குழம்பில் புரட்டி மருமகள் கையில் வைத்தாள்.

"தின்னு கண்ணு."

"அத்தே, பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான் பயமா இருக்குது. தின்னு."

பானுமதி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள். ஊரே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஆடியில மழ பேயாட்டி ஊருக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

"சொல்றங்க மாமா. ஊரக் கூட்டுங்க, வந்து நின்னு சொல்றேன். எம்புள்ள போச்சே, அதுக்கு யாரு வந்து பதில் சொன்னீங்க?"

அன்றைக்கு அவளைப் புளியமரத்தடிக்கு அனுப்பிய பெரியவர்களில் உயிரோடிருந்தவர்கள் அதே வரிசையில்தான் கையேந்திக் குந்தியிருந்தார்கள். பானுமதி அந்த உருண்டையைத் தின்று முடித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று கேட்டாள்.